செவலியின் எடை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிறவர்கள் கள்ளிமேட்டுப்பாளையத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். மேற்கே மலைக் கணவாயில் புறப்பட்டு, காற்றாலைகளின் றெக்கைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஊருக்குள் நுழைந்து, தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, கொடியில் காயும் வேட்டி, பால் சொசைட்டியின் பெயர்ப்பலகை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு கிழக்கே ஓடுகிற அந்தக் காற்று, அந்த வருஷம் ஆடி பிறந்ததும் காய்கறிக்காரி மயிலாத்தாளின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காளிக்குள் புகுந்து, முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு செவலைக் கோழியின் வாலிறகைக்கூட அசைக்க முடியாமல், வந்த வழியே திரும்பிப் போனது.

அன்றைக்கு விடிந்ததும் மயிலாத்தாள் எப்போதும்போலப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். தூக்கின பஞ்சாரத்துக்குள்ளிருந்து செவலி எப்போதும்போல வெளியே பாய்ந்து வந்து அவள் கால் விரலைக் கொத்தவில்லை. கொண்டை வெளுத்து, றெக்கை இரண்டும் தொங்கி, கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருந்தது.

"எந்திரிடி மகாராணி. கடைக்கு நேரமாச்சு. உன்ற மாமியாரா வந்து காயை அடுக்குவா?"

செவலி எழவில்லை. சரி, தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று குனிந்தவளுக்கு, தக்காளிப் பெட்டியை ஒற்றைக் கையால் ஏற்றி இறக்குகிற அந்த மயிலாத்தாளுக்கு, ஒரு கோழியைத் தூக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டியிருந்தது. இரண்டு பூசணிக்காய் கனம் கனத்தது. இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இதென்னடி கூத்து?" என்றாள்.

மயிலாத்தாளின் கை எடை தப்பாது. கடைவீதியில் அவள் தராசுக்கு இருந்த பேர் மாரியாத்தா கோயில் சூலத்துக்குக்கூடக் கிடையாது. யாருக்கும் ஒரு கடுகு குறைத்தவளில்லை. யாருக்கும் ஒரு கடுகு கூட்டியவளும் இல்லை. முள் நட்டநடுவில் நிற்காவிட்டால் தட்டிலிருக்கிற பீன்ஸில் ஒன்றை எடுத்துப் பாதியாகக் கிள்ளி, ஒரு பாதியைத் தட்டில் போட்டு, மறு பாதியைத் தன் வாயில் போட்டு மென்றுகொண்டே முள்ளைப் பார்ப்பாள். ஊரில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால், "மயிலாத்தா முள்ளு மேல சத்தியமா" என்று சொன்னவன் பக்கம்தான் நியாயம் என்று ஆகிப்போயிருந்தது.

அந்த முள் சும்மா வரவில்லை. சின்ன வயசிலேயே புருஷனை வாரிக் கொடுத்துவிட்டு, ஒரு கூடை கொத்தமல்லித் தழையோடு முதன்முதலாகச் சந்தைக்கு வந்து உட்கார்ந்தவளிடம், வந்தவர்கள் எல்லாம் ஒரு கட்டு வாங்கிவிட்டு, "கொசுறு போடு அம்மிணி" என்று ஒரு கிள்ளு கிள்ளினார்கள். வாங்காதவர்களும் ஒரு கிள்ளு கிள்ளினார்கள். உச்சிப்பொழுதுக்குள் கூடையும் காலி, சுருக்குப்பையும் காலி. புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்தவள் நேராகப் பாத்திரக் கடைக்குப் போய், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துக் கைத்தராசு ஒன்று வாங்கினாள். அன்றிலிருந்து அவள் கடையில் கொசுறு கிடையாது. கை நீட்டினவர்களுக்குக் காய் கிடைக்கவில்லை; "ஏன், உங்கப்பன் ஊட்டுத் தோட்டமா?" என்பது கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், செவலியே கொசுறாக வந்தவள்தான். சந்தையில் பஞ்சாரம் ஒன்றை விலை பேசி, பேசி, பஞ்சாரக்காரனின் தொண்டை வற்றும்வரை பேசி வாங்கியபோது, அவன் தோற்ற கடுப்பிலோ பாசத்திலோ, நிற்கக்கூடத் தெம்பில்லாத ஒரு கோழிக்குஞ்சை எடுத்துப் பஞ்சாரத்துக்குள் போட்டு, "இதையும் கொண்டு போங்க்கா, கொசுறு" என்றான். "எனக்கு ஓசி ஆகாது, எடு" என்று அவள் கத்துவதற்குள் பஸ் ஏறிவிட்டான். அவளும் எத்தனையோ வாரம் அந்தக் குஞ்சோடு சந்தைக்குப் போய்த் தேடிப் பார்த்தாள், ஆள் வரவில்லை. அதற்குள் குஞ்சு அவள் பின்னாலேயே நடக்கப் பழகி, தள்ளுவண்டியில் ஏறப் பழகி, கடையில் தராசுக்கு நேர் கீழே சாக்கில் உட்கார்ந்து பகல் முழுக்கக் கொத்தப் பழகி, கோழியாகிவிட்டது. ஊரிலிருக்கிற மனுசர்களிடமெல்லாம் ஏறுக்கு மாறாகப் பேசுகிற மயிலாத்தாள், செவலியிடம் மட்டும்தான் அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்வாள்.

ஆகவே அவள் கடையைத் திறக்கவில்லை. செவலியை மடியில் கிடத்தி, தெரிந்த மட்டும் பார்த்தாள். எச்சம் வெள்ளையாக இல்லை, ஆகவே கழிச்சல் இல்லை. மூக்கில் சளி இல்லை. றெக்கையைத் தூக்கி ஊதினாள், பேன் இல்லை. அடிவயிற்றைத் தடவினாள், முட்டை ஏதும் சிக்கியிருக்கவில்லை. கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டவள்தான் கையை எடுத்துக்கொண்டாள். கல் மாதிரி இருந்தது, அரைக்கிலோ எடைக்கல்லைத் துணியில் சுற்றின மாதிரி.

சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் தட்டி உருட்டி உள்ளே தள்ளினாள். விளக்கெண்ணெய் ஊட்டித் தீனிப்பையை மேலிருந்து கீழாக நீவினாள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தையல்காரி திலகா எட்டிப் பார்த்து, "கண்ணு பட்டிருக்குதுங்க்கா. மொளகா சுத்திப் போடுங்க" என்றாள்.

"மொளகா என்ன வெலை விக்குதுன்னு தெரியுமாடி உனக்கு?" என்று சொல்லிவிட்டு, திலகாவின் தலை மறைந்ததும் உள்ளே போய் ஒரு கை மிளகாய் எடுத்து வந்து சுற்றி அடுப்பில் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக எடைபோடாமல் எடுத்த மிளகாய் அதுதான்.

எதற்கும் கேட்கவில்லை. மறுநாள் செவலி அம்மிக்கல் கனம் கனத்தது. அதற்கு மறுநாள் ஆட்டுக்கல். அன்றைக்குக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் பிடித்து, கடப்பாரை போட்டு நெம்பி, பலகை வைத்து உருட்டாமல் வலிக்காமல் நகர்த்தி, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றினார்கள். பின் டயர் அமுங்கி முன் டயர் கிளம்பியது. "ஓவர்லோடுன்னு என்னைப் புடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று வண்டிக்காரன் முரண்டு பிடித்ததால், வழியில் நூல்மில்லுக்குப் பக்கத்திலிருக்கிற எடைமேடையில் ஏற்றினார்கள்.

எடைமேடை நாச்சிமுத்து இரும்பு, பஞ்சு, செங்கல், ஜல்லி எல்லாம் எடைபோட்டவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணைப் பார்த்தார், வண்டிக்குள் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"லோடு என்னன்னு போடறதுங்க்கா?"

"கோழின்னு போடுங்க."

"கோழின்னா பன்மையில்ல போடோணும்? இந்த எடைக்கு ஒரு பண்ணையே வருமே."

"ஒண்ணுதான். கண்ணு தெரியுதில்ல? போட்டுட்டு உடுங்க, அதுக்கு மூச்சு வாங்குது."

நாச்சிமுத்து 'கோழி, ஒன்று' என்று போட்டுவிட்டு, கோழிக்குத் தனிக் கட்டணம் பலகையில் எழுதியிருக்காததால், செங்கல் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, வாயைத் திறந்து பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, தீனிப்பையை நிதானமாக அமுக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது நோய் மாதிரி தெரியல. எதையோ தின்னிருக்கு. அது செரிக்கவும் இல்ல, வெளியே போகவும் இல்ல. நாளுக்கு நாள் சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. எங்க மேயுது?"

"என்ற கடையில. தராசுக்கு அடியில."

"அங்க என்னென்ன விழும்?"

மயிலாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ற தராசுல இருந்து ஒரு வெந்தயம்கூடக் கீழ உழுகாது டாக்டரம்மா. ஊருல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"ஒண்ணும் விழாத எடத்துல பகல் பூரா எதைக் கொத்துச்சு?"

மயிலாத்தாள் செவலியின் அலகைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"வெதுவெதுன்னு தண்ணி குடுங்க, எண்ணெய் குடுங்க. ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. கோழிக்கு நெஞ்சு விரிஞ்சாத்தான் மூச்சு. இந்த எடைக்கு மண்ணு அமுங்கும். நெஞ்சு வரைக்கும் உள்ள போக விட்டுடாதீங்க. போயிட்டா என் கையில ஒண்ணும் இல்ல."

திரும்பக் கொண்டுவந்து முருங்கையடியில் இறக்கியதுதான், அதற்குப் பிறகு செவலியை யாராலும் தூக்க முடியவில்லை. முதலில் நகம் புதைந்தது. பிறகு விரல். பிறகு மஞ்சள் கால் இரண்டும்.

ஊர் என்றால் ஊர்தான். முதல் நாள் வந்து பார்த்து, "அட!" என்றார்கள். இரண்டாம் நாள் வந்தவர்கள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூன்றாம் நாள் திலகா, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, காத்துல என்ற துணியெல்லாம் கெழக்க போயிருதுங்க" என்று சொல்லி, தன் கொடிக்கயிற்றின் ஒரு முனையைச் சுவருக்கு மேலே போட்டுச் செவலியின் இடுப்பில் மெத்தென்று துணி சுற்றிக் கட்டினாள். அந்த ஆடியில் அந்தத் தெருவில் காற்றுக்குப் போகாத துணி அவளுடையது ஒன்றுதான். அடுத்து ஊர்த் திருவிழா, மாரியாத்தா நோம்பி வந்தது. மாரியாத்தா கோயில் பந்தல் இரண்டு தடவை பறந்துபோய் பள்ளிக்கூடத்து மேல் உட்கார்ந்துவிட்டதால், கமிட்டிக்காரர்கள் நீளமாக ஒரு கயிறு வாங்கிக்கொண்டு வந்து, மயிலாத்தாளிடம் கேட்காமல் செவலியிடம் கேட்டார்கள். "ஆத்தா காரியம், மனசு வையி." பந்தல் நின்றது. அதற்குப் பிறகு கன்றுக்குட்டி ஓடினால் "செவலிகிட்டக் கட்டு" என்றார்கள், கேபிள் வயர் தொங்கினால் "செவலிகிட்டக் கட்டு" என்றார்கள். பொடக்காளி முழுக்கக் கயிறாகி, மயிலாத்தாள் தன் வீட்டுக் கோழிக்குத் தண்ணீர் காட்டப் போவதற்கே குனிந்து நிமிர்ந்து கால் தூக்கித் தாண்டிப் போகவேண்டி வந்தது.

"அதுக்கு ஒடம்பு செரியில்லடா! சீக்குக் கோழியைப் போயி மொளைக்குச்சியாட்டப் பண்றீங்களேடா, நீங்கெல்லாம் மனுசனுங்களா?" என்று கத்தி, கயிற்றையெல்லாம் அறுத்து எறிந்தாள். எறிந்துவிட்டு உட்கார்ந்து, செவலியைச் சுற்றிலும் இருந்த மண்ணைக் கையால் வாரி வாரி அப்பால் போட்டாள். வாரிய அளவுக்குச் செவலி உள்ளே போனது. மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. தொண்டையிலிருந்து, கதவு கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கடையைத் திறக்காமலும் முடியாது. திறந்தாள், ஆனால் மனசு முருங்கையடியில் இருந்தது. திலகா வந்து கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், மிளகாய்க் குவியலுக்குக் கையை நீட்டினாள். நீண்ட கையை மயிலாத்தாள் பார்த்தாள். திட்டு கிளம்பி வாய்வரைக்கும் வந்தது. செவலியின் நினைப்பு குறுக்கே வந்ததும் வந்த திட்டு பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. திலகா நான்கு மிளகாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நம்பமாட்டாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது, காலையில் மண்ணுக்குள் இருந்த செவலியின் முழங்கால் வெளியே தெரிந்தது.

மயிலாத்தாள் அந்த முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். விற்றது விலையில் இருக்கிறது. கொடுத்தது வாங்கினவள் பையில் இருக்கிறது. நீட்டின கைக்கும் குவியலுக்கும் நடுவே வந்து, கிடைக்காமலேயே நின்றுபோன அந்த ஒரு கிள்ளு, அந்த ஒரு கொத்து, அந்த நாலு மிளகாய், இத்தனை வருஷமாக அது எங்கே போயிற்று? மேலே போகவில்லை. தராசில் ஏறவில்லை. கீழே விழுந்திருக்கிறது. கீழே உட்கார்ந்திருந்தவள் ஒன்று விடாமல் கொத்தியிருக்கிறாள்.

"அடிப் பாவி" என்றாள் மயிலாத்தாள். "திங்கறதுக்கு உனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையா?"

மயிலாத்தாள் மயிலாத்தாளாயிற்றே. உடனே இறங்கிவிடுவாளா? நோய் என்னவென்று தெரிந்ததும் மருந்துக்குப் பேரம் பேச ஆரம்பித்தாள். மறுநாள் வாடல் மிளகாய், சொத்தைக் கத்தரிக்காய், மஞ்சளடித்த கொத்தமல்லி எல்லாவற்றையும் தனியாகப் பொறுக்கி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அதில் ஒரு கை போட்டாள். வீட்டுக்கு வந்தால் செவலி தொடைவரைக்கும் உள்ளே போயிருந்தது.

"ஏண்டி, கொசுறுன்னா கொசுறுதான? ஓசியில வர்றதுல நல்லது கெட்டது பார்ப்பாளாமா? நீ வந்தப்ப உன்னை எவன் பொறுக்கிப் பார்த்தான்? நிக்கக்கூடத் தெம்பில்லாத..." என்று கத்திக்கொண்டே போனவள், என்ன சொல்கிறோம் என்று காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள். நிற்கத் தெம்பில்லாத குஞ்சு அவளுக்கு என்னவாக ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியாதா? செவலி கண்ணைத் திறக்கவில்லை. அதனோடு பேரம் படியாது என்று தெரிந்துபோயிற்று.

அடுத்த நாள் நல்ல காயாகவே போட்டாள். பச்சைப்பசேலென்று ஒரு கொத்துக் கருவேப்பிலை, காம்பு ஒடியாத மிளகாய், எலுமிச்சம்பழம் ஒன்று. வம்பு அங்கேதான் வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற குழந்தைவேல், பைக்குள் விழுந்த எலுமிச்சம்பழத்தைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இது என்னதுங்க?"

"கொசுறுங்க வாத்தியாரே. வெச்சுக்குங்க."

வாத்தியார் பையைத் தோளில் மாட்டவில்லை. "கேக்கறன்னு கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருசமா ஒரு மொளகா போடாத ஆளு இன்னைக்கு ஒரு பழமே போட்டா, அந்தப் பழம் எங்கிருந்தோ வந்திருக்கோணுமில்லீங்க? ஒரு பக்கம் கூட்டல் வந்தா, இன்னொரு பக்கம் எங்கியோ கழித்தல் இருக்கோணும். அதுதானுங்க கணக்கு."

"என்ற தராசையா சொல்றீங்க?"

"தராசைச் சொல்லலீங்க. பொதுவாச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, எதிரே மளிகைக் கடைக்குப் போய் மறுஎடை போட்டுப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. சரியாக இருந்தது அவருக்குச் சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது. அதைப் பார்த்து நின்றவர்களெல்லாம் தங்கள் பையைத் திறந்து பார்த்தார்கள். "மயிலாத்தா கொசுறு போடறாளாம், எடைக்கல்லுல என்னமோ பண்ணிட்டாளாட்ட இருக்குது" என்று கடைவீதியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேச்சு ஓடியது. மத்தியானத்துக்குள் கருவேப்பிலையையும் மிளகாயையும் கொண்டுவந்து சாக்கில் திருப்பிக் கொட்டிவிட்டுப் போனார்கள். மயிலாத்தா முள்ளு மேல் சத்தியம் பண்ணின வாய்களெல்லாம் அந்த முள்ளை ஓரக்கண்ணால் பார்த்தன.

திருப்பிக் கொட்டின கொசுறு கொடுக்காத கொசுறைவிடக் கனம் போலிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் செவலி நெஞ்சுவரைக்கும் உள்ளே இருந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது. நெஞ்சு விரிய இடமில்லை. மயிலாத்தாள் மண்ணில் முகம் படக் குப்புறப் படுத்துக்கொண்டு, விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டு அலகில் வைத்தாள்.

"நானு என்ன பண்ணட்டும், சொல்லு. குடுத்தா வாங்க மாட்டேங்கிறானுங்க. எனக்குன்னு இருக்கறது அந்த முள்ளு ஒண்ணுதான். அதையும் நம்ப மாட்டேங்கிறானுங்க. என்ன பண்ணட்டும்டி சாமி?"

செவலி அவள் விரலைக் கொத்தியது. கொத்தக்கூடத் தெம்பில்லாமல், அலகை விரல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டது.

மறுநாள் கடைவீதியில் வாரச் சந்தை. சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் கூடியிருந்தது. மயிலாத்தாள் வண்டி நிறையக் காயோடு வந்து, சாக்கை விரித்து, குவித்து, தண்ணீர் தெளித்து, எல்லாம் முடித்துவிட்டுத் தராசைக் கையில் எடுத்தாள். கருத்துப் பளபளத்துப்போன அந்தத் தராசை ஒருதரம் உயரத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு தட்டும் வெறுமையாக ஆடி நின்றன, முள் நடுவில் நின்றது. நின்ற முள்ளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பீன்ஸை ஒடிக்கிற மாதிரி ஒடித்தாள்.

காற்றுகூட ஒரு நொடி நின்றதாகச் சொல்வார்கள்.

"தராசு மேலதான சந்தேகம்? இந்தா, தராசே இல்ல. வாங்க வாத்தியாரே, பையைப் புடிங்க. என்ன வேணும்? தக்காளியா? எப்பவும் வாங்கற காசைப் போடுங்க. நானு போடறேன், நீங்க போதும்னு சொல்லுங்க."

வாத்தியார் பையைப் பிடித்தார். அவள் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். இரண்டு கிலோவுக்குப் பழகின பை வீங்கியது. வாத்தியாருக்கு வேர்த்தது. வாய் வரைக்கும் வந்த வார்த்தை வெளியே வரவில்லை, ஏனென்றால் அந்தச் சந்தையில், சந்தை கூட ஆரம்பித்த காலத்திலிருந்து, வாங்குகிறவர் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"போ... போதுமுங்க" என்றார் கடைசியில்.

"என்ன போதும்? இன்னும் ரெண்டு. புடிங்க! இப்பக் கழிச்சுப் பாருங்க, எங்க கழியுதுன்னு."

ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. "போதுங்க்கா, பை கிழியுது." "அடியே கிழியட்டும், மடியை விரி." "ஐயோ, ரெண்டு பேரு இருக்கற ஊட்டுக்கு இத்தனை சொரக்காயா?" "மாப்பிள்ளையை வரச்சொல்லு, வந்து திங்கட்டும்." வாங்குகிறவர்கள் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச, விற்கிறவள் கூட்டச் சொல்லிச் சண்டை போட, பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்து நின்றார்கள். திட்டிக்கொண்டேதான் போட்டாள். ஒரு ஆளுக்கும் திட்டில்லாமல் காய் போகவில்லை, ஒரு ஆளுக்கும் காயில்லாமல் திட்டு போகவில்லை. கொடுத்துக் கொடுத்து, சாக்கில் மண்ணும் காம்பும் மிஞ்சியபோது, உதறி மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு, வெறும் வண்டியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முருங்கையடியில் குழி இருந்தது. குழியில் செவலி இல்லை.

மயிலாத்தாளுக்கு உயிர் போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து கால் விரலில் சுரீரென்று ஒரு கொத்து விழுந்தது.

அன்றைக்கு அவள் அழுதது, புளியமரத்தடியில் அழுததற்குப் பிறகு அழுத முதல் அழுகை. கண்ணைத் துடைப்பதில் கை இருந்ததால் செவலியைத் தூக்கிப் பார்க்கவில்லை. செவலி தவிடு தின்றது, தண்ணீர் குடித்தது, தானாகவே பஞ்சாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கிப் பார்த்திருந்தால் அந்தக் கைக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினாள். ஆடிக் காற்று வந்தது. செவலி போய்விட்டது.

கிழக்கே போகவில்லை, மேலே போனது. வாழை இலைச் சருகு மாதிரி சுழன்று, முருங்கையைத் தாண்டி, ஓட்டு வீட்டைத் தாண்டி, கேபிள் வயரைத் தாண்டி, பக்கத்துப் பொட்டல் காற்றாலையின் தலை உயரத்துக்குப் போய், அங்கே நின்று கொக்கரித்தது. தெரு கூடிவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, இத்தனை நாள் இறங்கினது இன்றைக்கு ஏறுகிறது, அவ்வளவுதானே. எடைமேடை நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்து, "இதுக்கு என்ற மேடை ஆகாது" என்றார். கமிட்டிக்காரர்கள் இனிமேல் பந்தலை எதில் கட்டுவது என்று கவலைப்பட்டார்கள்.

மயிலாத்தாள் கீழே நின்று, ஒரு கையில் தவிட்டுக் கிண்ணத்தோடு, "எறங்கு சாமி, எறங்குடி கண்ணு, பா பா பா" என்று கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அது இன்னும் கொஞ்சம் மேலே போனது. ஒரு கோழியின் உடம்பிலிருந்து கொசுறையெல்லாம் வழித்து எடுத்துக் கொடுத்துவிட்டால், மிச்சம் என்ன இருக்கும்? இறகுதான்.

இந்த நேரம் பார்த்து, நேற்றைக்கு மடி நிறைய வாங்கின தைரியத்தில், திலகா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அக்கா, கோழி வர்றப்ப வரட்டும். தாளிக்கறக்குக் கருவேப்பலை இல்ல. உங்க மரத்துல நாலு கொத்து ஒடிச்சுக்கட்டுங்களா?"

"ஏண்டி!" என்று மயிலாத்தாள் திரும்பின வேகத்தில் தவிட்டுக் கிண்ணம் பறந்தது. "இங்க ஒருத்தி உசிரு போயி உசிரு வருது, உனக்குத் தாளிக்கோணுமா? உங்கப்பன் ஊட்டு மரமாடி அது?"

மேலே செவலி கேபிள் வயர் மட்டத்துக்குச் சடக்கென்று இறங்கியது.

"இறங்குது! திட்டுங்க்கா!" என்று கத்தினார் நாச்சிமுத்து.

"நேத்து அள்ளிப் போட்டனே, அது பத்தலையாடி? உங்காத்தா நட்டாளா, உன்ற மாமியா தண்ணி ஊத்துனாளா?" ஓட்டு மட்டம். "ஒரு எலை ஒடி பார்க்கலாம், கையை ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்!" முருங்கையின் உச்சிக் கிளை. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு கிளை இறங்கி, "ஆகாவழிச் சிறுக்கி" என்பதற்குக் கடைசிக் கிளையும் தாண்டி, செவலி மயிலாத்தாளின் இரண்டு கைக்குள் தொப்பென்று வந்து விழுந்தது.

கை சொல்லிவிட்டது. ஒரு கோழி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கொண்டை சிவந்த, நெஞ்சு சூடான, ஒரு கோழியின் எடை.

திலகாவின் தலை சுவருக்குப் பின்னால் போய்விட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மயிலாத்தாள் செவலியை இடது கக்கத்தில் இறுக்கிக்கொண்டு கருவேப்பிலை மரத்தடிக்குப் போனாள். ஒரு கொத்தை ஒடித்தாள். கக்கத்தில் எடை இலேசாகக் குறைவது தெரிந்தது. கொத்தைப் பாதியாகக் கிள்ளினாள், ஒரு பாதியைச் சுவருக்கு மேலே எறிந்தாள், மறு பாதியை வாயில் போட்டு மென்றுகொண்டே, கக்கத்தில் இருந்ததை நிறுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"போயித் தாளிச்சுக் கொட்டு. அழுதுகிட்டே தாளிக்காத, உப்புக் கரிக்கும்" என்றாள் சுவரைப் பார்த்து.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் கொசுறு கேட்கிறவர்கள் முதலில் குனிந்து பார்க்கப் பழகிக்கொண்டார்கள். செவலியின் கால் சாக்கில் அமுங்கியிருந்தால் தைரியமாகக் கையை நீட்டலாம், திட்டோடு சேர்த்து ஒரு கைப்பிடி விழும். இறகு காற்றில் படபடத்தால் அன்றைக்குக் கேட்கக்கூடாது, கேட்டாலும் திட்டு மட்டும்தான், அதையும் ஊருக்காக வாங்கிக்கொண்டு போகவேண்டும். ஆடி மாதமானால் கணக்கு வாத்தியாரே தினம் காலையில் வந்து, வேண்டுமென்றே கை நீட்டி, ஒரு திட்டு வாங்கிக்கொண்டு, கோழி நிலைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் பேப்பர் படிக்கப் போவார்.

வருஷக் கடைசியில் தராசுக்கு முத்திரை போடுகிற அதிகாரி வந்தார். கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மயிலாத்தாளின் தராசைக் கையில் வாங்கித் தூக்கிப் பிடித்து, முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இதுல முள் எங்க?"

மயிலாத்தாள் பாகற்காயை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"கீழ மேயுதுங்க. மிதிச்சுப்போடாதீங்க."